மறதி குற்றமாகுமா?

‘மறந்துவிட்டேன்’ என்னும் சொல்லைப்போல் எளிதில் மன்னிப்பைப் பெற்றுத்தரும் சொல் நமது மொழியில் வேறொன்று இருப்பதாகத் தெரியவில்லை. பொய் சொன்னவனை உலகம் பழிக்கிறது, திருடியவனைத் தண்டிக்கிறது, வேண்டுமென்றே தீங்கு செய்தவனைச் சிறையிலடைக்கிறது. ஆனால் மறந்தவனைப் பார்த்து, “மனித இயற்கைதானே!” என்று சொல்லி விட்டுவிடுகிறது. மறதி என்பது எண்ணிச் செய்யும் செயலன்று, எண்ணாமல் நேர்வது. எண்ணாமல் நேர்ந்த ஒன்றுக்காக ஒருவனைக் குற்றவாளியாக்குவது நியாயமாகுமா என்று கேட்கிறார்கள். மேற்பார்வைக்கு இக்கேள்வி நியாயமாகவே தோன்றும். இதை வெறும் தர்க்கமாக வைத்துக்கொண்டு விவகரிப்பதைவிட, ஒரு மறதியினால் ஒரு தொழிலாளியின் உயிர் போன வரலாற்றை முன்வைத்து ஆராய்வதே தகுதியென்று கருதுகிறோம்.

டில்லிப் பல்கலைக்கழகத்தின் ரசாயனப் பகுதியார் கானடா தேசத்தில் செய்யப்பட்ட ‘காமா செல்’ என்னும் ஒரு யந்திரத்தை ஆராய்ச்சிக்காக வாங்கி வைத்திருந்தனர். கனத்த ஈயக் கவசத்துக்குள் கோபால்ட் 60 என்னும் கதிரியக்கப் பொருளை அடக்கிவைத்து, அதன் கதிர்களைப் பிற பொருள்கள்மீது பாய்ச்சி, நேரும் மாறுதல்களை அறிவதற்கான யந்திரம் அது. 1985-ஆம் வருஷத்துக்குப் பிறகு அதை எவரும் உபயோகிக்கவில்லை. ஆராய்ச்சி நடத்திய பேராசிரியர் ஓய்வு பெற்றுப் போனார். யந்திரம் ஓர் அறையில் பூட்டிக் கிடந்தது. ஆண்டுகள் இருபத்தைந்து சென்றன. இடத்தை அடைத்துக்கொண்டு கிடக்கும் பழஞ்சாமான்களை ஒழிக்கவேண்டுமென்று தீர்மானித்தவர்கள், 2010 பிப்ரவரியில் இதையும் அவற்றோடு சேர்த்து ஏலத்தில் விட்டார்கள். மாயாபுரி என்னும் பகுதியிலுள்ள பழைய இரும்பு வியாபாரிகள் எடுத்தார்கள். ஈயத்துக்கு விலையுண்டு, ஆகவே கவசத்தை உரித்தார்கள். உள்ளே பளபளப்பான சிறு உலோகத் துண்டுகள் இருந்தன. அவற்றையும் வெட்டினார்கள். துண்டொன்றை ஒருவர் தமது பணப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தார். சில நாட்களில் வாந்தி கண்டது, தோல் கறுத்தது, மயிர் உதிர்ந்தது. ஏப்ரல் முதல் வாரத்தில் வைத்தியர்கள் சந்தேகங்கொண்டு அறிவித்த பிறகே உண்மை வெளிப்பட்டது. பலர் ஆஸ்பத்திரியில் கிடந்தனர். ஏப்ரல் 26-ஆம் தேதி அந்தக் கடைத்தெருத் தொழிலாளி ஒருவர் மாண்டுபோனார். வயது முப்பத்தைந்து.

இப்பொழுது குற்றவாளி யார் என்று தேடுவோமாக. யந்திரத்தை வாங்கியவர், தாம் ஓய்வு பெற்றபோது அது பத்திரமாகவே இருந்ததென்பார். ஏலம் விடத் தீர்மானித்த கமிட்டியார், பழஞ்சாமான் பட்டியலில் இருந்ததை ஏலம் விட்டோமென்பர். இரும்பு வியாபாரி, பல்கலைக்கழகத்தார் விற்றதை நம்பி வாங்கினேன் என்பார். உளி பிடித்தவனோ, முதலாளி வெட்டச் சொன்னதை வெட்டினான். ஒவ்வொருவர் வாக்குமூலமும் தனித்தனியே பார்க்குமிடத்து உண்மையாகவே இருக்கலாம். எல்லோரும் நிரபராதிகள், ஆனால் ஒருவன் செத்துக்கிடக்கிறான்! இத்தகைய இடத்தில்தான் நமது மக்கள் வழக்கமாக விதியைக் கூப்பிடுவார்கள். விதி என்று எழுதிக் கணக்கை முடித்துவிட்டால் ஒருவரும் பதில் சொல்லவேண்டியதில்லையல்லவா?

துணைவேந்தர் அச்சம்பவத்துக்குத் தார்மீகப் பொறுப்பு ஏற்பதாகச் சொன்னார். சொல்லாமல் மழுப்பியிருக்கலாம், சொன்னார், அதை நாம் குறைகூறமாட்டோம். ஆயினும் தார்மீகப் பொறுப்பு என்ற சொற்றொடர் வரவர ஒரு பொன்னாடைபோல் ஆகிவருகிறது. போர்த்துக்கொள்பவருக்கும் பாரமில்லை, பார்ப்பவருக்கும் திருப்தி. அது எதற்கான பொறுப்பு, எந்த நாளில் தொடங்கிய பொறுப்பு என்று கேட்டால்தான் அதற்குப் பொருள் உண்டாகும்.

நம்முடைய எண்ணத்தில், அப்பொறுப்பு ஏலம் விட்ட நாளில் தொடங்கவில்லை; வாங்கிய நாளிலேயே தொடங்கிவிட்டது. ஏன் என்பதைச் சற்று விளக்கவேண்டும்.

நெருப்பு சுடுமென்று குழந்தைக்கும் தெரியும். பாம்பைக் கண்டால் படிப்பில்லாதவனும் விலகுவான். அழுகிய பொருளை மூக்கே காட்டிக்கொடுக்கும். இவ்வாறு பெரும்பாலான ஆபத்துக்கள் தம்மைத் தாமே அறிவித்துக்கொள்ளுகின்றன. கதிரியக்கமோ அப்படியன்று. அதற்கு நிறமில்லை, மணமில்லை, ஓசையில்லை. கையில் எடுத்தவனுக்கு அந்நேரம் வலியுமில்லை. நாட்கள் சென்று உடல் சொல்லும்பொழுது காரியம் மிஞ்சிப்போயிருக்கும். கண்ணுக்குத் தெரியாத பேய்க்கும் முனிக்கும் அஞ்சாதே என்று நாம் இத்தனை காலமாக ஜனங்களுக்குச் சொல்லிவருகிறோம். இப்பொழுது கண்ணுக்குத் தெரியாத இதற்கு அஞ்சு என்று எப்படிச் சொல்லுவது என்று ஒரு நண்பர் நம்மைக் கேலியாகக் கேட்டார். கேலியானாலும் பதில் சொல்லவேண்டிய கேள்வி. பேயை அளக்கும் கருவி எந்தப் பூசாரியிடமும் கிடையாது. கதிரை அளக்கும் கருவி உண்டு; அதை யார் கையில் கொடுத்தாலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். வேற்றுமை இவ்வளவே. ஆனால் அந்தக் கருவி ஆராய்ச்சிக்காரரின் மேசை அறைக்குள் பூட்டிக் கிடக்குமாயின், கூட்டிப் பெருக்குகிறவனுக்கு அவரும் ஒரு பூசாரிதான். அவர் ‘தொடாதே’ என்றால் தொடாமலும், ஒன்றும் சொல்லாவிட்டால் தொட்டும் அவன் வாழவேண்டியதாகிறது.

ஆகவே, தன்னை அறிவித்துக்கொள்ளாத ஓர் ஆபத்தை எவன் ஒருவன் வீட்டுக்குள் கொண்டுவருகிறானோ, அவன் அந்த ஆபத்தின் வாயாக இருப்பதற்கும் சேர்த்தே ஒப்புக்கொள்ளுகிறான். அவன் மறந்தால் அது ஊமையாகிவிடும். தெரிந்தவன் ஒருவனும் தெரியாதவன் ஒருவனும் ஒரே பொருளுக்கு முன் நிற்கும்போது, தெரியாதவனுடைய உயிர் தெரிந்தவனிடம் அடகாக இருக்கிறது என்றே கொள்ளவேண்டும்.

“ஐயா, இருபத்தைந்து வருஷம் யார்தான் ஞாபகம் வைத்திருப்பார்கள்? மனிதர் மாறுவார்கள், உத்தியோகம் மாறும்” என்று சொல்லுவாருண்டு. இதற்குப் பதில் தேடி டில்லிவரை போகவேண்டியதில்லை. நமது பினாங்கு நகரத்தில், பினாங்குத் தெருவில் கிட்டங்கிகள் வைத்து லேவாதேவி நடத்திய நாட்டுக்கோட்டைச் செட்டியார்களின் வழக்கத்தைப் பெரியவர்கள் அறிவார்கள். முதலாளி செட்டிநாட்டிலிருப்பார். இங்கே கடை பார்க்கும் ஏஜெண்டு மூன்று வருஷக் கணக்குக்கு வருவார், கணக்கு முடிந்ததும் ஊருக்குக் கப்பலேறுவார், அடுத்தவர் வருவார். ஆனால், ஏஜெண்டு மாறினார் என்று கடன் வாங்கியவன் ஒருவனுடைய பற்று என்றாவது மறந்துபோயிற்றா? பேரேடு கைமாறும், புதியவர் ஒவ்வொரு பற்றையும் பார்த்து ஒப்புக்கொள்ளுவார், வட்டி ஒரு நாளும் தூங்குவதில்லை. தோட்டங்களிலும் அப்படியே. ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் ஒழிவதற்கு முன், கப்பல் செலவும் முன்பணமும் தொழிலாளியின் பெயரில் எழுதப்பட்டிருந்தன. துரை மாறினாலும், கிராணி மாறினாலும், அந்த எழுத்து மாறவில்லை. அதற்குப் பின்னும் காலைப் பெரட்டில் பெயர் கூப்பிட்டுச் செக்ரோலில் அரைநாள் வேலை எத்தனை என்று பிசகாமல் எழுதிவந்தார்கள். மனிதன் மறப்பான், ஆனால் ஸ்தாபனம் மறக்கவேண்டுமென்ற கட்டாயமில்லை. தனக்கு வரவேண்டியதை எந்த ஸ்தாபனமும் மறந்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை. பிறருக்குத் தான் செய்யவேண்டியது எதுவோ அதுதான் மறந்துபோகிறது. டில்லியில் அந்த யந்திரத்துக்குப் பழைய ஈயமென்றும் இரும்பென்றும் விலை உண்டு என்பது ஞாபகத்திலிருந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பதுதான் ஞாபகத்திலில்லை!

மறதி எண்ணிச் செய்வதன்று என்ற வாதம் இங்கேதான் விழுந்துபோகிறது. மறப்பது நம் வசத்திலில்லை; ஆனால் மறக்காமலிருப்பதற்கு ஏற்பாடு செய்வதும் செய்யாமலிருப்பதும் நம் வசத்திலேயே இருக்கின்றன. மறந்த நிமிஷத்துக்காக அல்ல, அந்த ஏற்பாட்டைச் செய்யாமல் கழித்த ஆண்டுகளுக்காகவே ஒருவரைக் கேள்வி கேட்கிறோம்.

டில்லி எங்கேயோ இருக்கிறது, நமக்கென்ன என்று தோட்டத்து நேயர்களும் பட்டணத்து நேயர்களும் எண்ணலாகாது. 1969-இல் தோன்றி, முன்பு பிரிட்டிஷ் ராணுவ முகாமாயிருந்த மிண்டனில் இடங்கொண்ட மலேசிய அறிவியல் பல்கலைக்கழகம் இந்தத் தீவிலேயே இருக்கிறது. தோட்டத்து லயங்களிலே பிறந்த பிள்ளைகள் பலர் அங்கே விஞ்ஞானம் கற்றிருக்கிறார்கள். அங்கே குறையுண்டு என்று சொல்ல நாம் வரவில்லை. விஞ்ஞானம் கற்பிக்கும் எந்த இடத்திலும் இத்தகைய பொருள்கள் இருந்தே தீருமாதலால், நம் பிள்ளைகள் அவற்றைக் கையாளும்போது எதை ஒழுக்கமாகக் கொள்ளவேண்டும் என்பதையே சொல்ல வந்தோம்.

கதிரியக்கப் பொருளுக்கு அரை ஆயுள் என்று ஒன்று உண்டு. எவ்வளவு இருந்தாலும் அதில் பாதி வலிமை குறைவதற்குப் பிடிக்கும் காலம் அது. உயிரியல் ஆராய்ச்சியில் வழங்கும் பாஸ்பரஸ் 32-க்குப் பதினான்கு நாட்களுக்குச் சற்று அதிகம். அயோடின் 125-க்குச் சுமார் 60 நாள். கோபால்ட் 60-க்கு ஐந்தேகால் வருஷத்துக்குச் சிறிது மேல். பத்து அரை ஆயுள் சென்றால் ஆயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவாகிவிடும். ஆதலால், குறுகிய ஆயுளுடைய கழிவுகளைத் தனியறையில் தேதி எழுதி வைத்திருந்து, ஆறியபின் அளந்து பார்த்து அப்புறப்படுத்துவது ஆராய்ச்சிச்சாலைகளின் வழக்கம். பாஸ்பரஸ் என்றால் ஐந்து மாதம் காத்திருக்கவேண்டும். அயோடின் என்றால் இருபது மாதம். டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்யும் மாணவனோ மூன்று நான்கு வருஷத்தில் வெளியேறுகிறவன். அவனும் ஒருவகையில் மூன்று வருஷக் கணக்குக்காரன்தான்! அவன் கடைசி மாதத்தில் உண்டாக்கிய கழிவு, அவன் பட்டம் பெற்று, வேலை தேடி, கலியாணமும் செய்துகொண்ட பிறகே ஆறும். கார்பன் 14-ஐ எடுத்துக்கொண்டால் இந்த வேடிக்கை இன்னும் நன்றாக விளங்கும். அதன் அரை ஆயுள் 5,730 வருஷம். சங்கப் புலவர்கள் பாடிய காலத்தில் எவரோ ஒரு குப்பியில் அதை வைத்து மூடியிருந்தால், இன்றைக்கும் முக்கால் பங்குக்கு மேல் அப்படியே இருக்கும். அதன் கதிர் வலுவற்றது, கண்ணாடியைக்கூடத் தாண்டாது என்பது உண்மையே. ஆனால் குப்பி உடைந்து, துடைத்த துணியிலிருந்து கைக்கும் கையிலிருந்து சோற்றுக்கும் ஏறினால் என்ன செய்வது?

ஆகவே அங்கே பேரேடு வேண்டும். எந்தப் பொருள், எந்தத் தேதியில், எவ்வளவு வலிமையோடு வந்தது, யார் எடுத்தார், எவ்வளவு செலவாயிற்று, மீதி எங்கே என்று எழுதும் பேரேடு. வேலை முடிந்ததும் மேசையைத் துடைத்து அந்தத் துணுக்கை அளந்து பார்க்கவேண்டும். மார்பில் அணியும் கதிரளவுச் சீட்டு எவ்வளவு காட்டிற்று என்பதை அணிந்தவனுக்கே சொல்லவேண்டும். அது அவன் உடலின் கணக்கு, ஆபீஸ் அலமாரியின் கணக்கு அன்று. குறைந்த நேரம் நில், தூரத்தில் நில், இடையில் தடுப்பு வை என்பனவே அத்தொழிலின் பாலபாடம். தூரம் இரட்டித்தால் கதிர் நாலில் ஒன்றாகும். இவையெல்லாம் மாணவனுக்குக் கற்பிக்கப்படுகின்றன. இரவில் வந்து குப்பைத்தொட்டியை எடுக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கு எந்த மொழியில், யார் கற்பிக்கிறார்கள் என்பதே நாம் கேட்பது.

சட்டமிருக்கிறதே என்பர். இருக்கிறது. 1984-இல் இயற்றப்பட்ட 304-ஆம் சட்டப்படி உரிமமின்றி இப்பொருள்களை வைத்திருக்கக்கூடாது. 2010-ஆம் வருஷத்து விதிகள், இத்தொழிலில் உள்ளவருக்கு வருஷத்துக்கு 20 மில்லி சீவர்ட் என்றும், பொதுமக்களுக்கு 1 மில்லி சீவர்ட் என்றும் எல்லை கட்டியுள்ளன. சட்டம் வேண்டியதே. ஆயினும் 2018 ஆகஸ்டில் சிரம்பானிலிருந்து ஷா ஆலாமுக்கு வண்டியில் கொண்டுபோன, இரிடியம் அடங்கிய 23 கிலோ எடையுள்ள கருவியொன்று வழியில் காணாமற்போனபோதும் அதே சட்டம் அமலில்தான் இருந்தது. அண்டை நாடாகிய சயாமிலே, சமுத்பிரகான் என்னுமிடத்தில், 2000-ஆம் வருஷத்தில், வண்டி நிறுத்துமிடத்தில் போட்டுவைத்த பழைய ஆஸ்பத்திரி யந்திரத்தின் கோபால்ட் இரும்புக்கடைக்குப் போய் மூவர் மாண்டபோதும் அந்நாட்டில் சட்டம் இல்லாமலில்லை.

மற்றொன்று. சில கணக்குகளுக்கு முடிவே கிடையாது. ஈப்போவுக்கு அருகில் புக்கிட் மேராவில் ஏஷியன் ரேர் எர்த் கம்பெனியார் ஈயக் கனியின் மிச்சமான மணலிலிருந்து அருமண் எடுத்தனர். தோரியம் என்னும் கதிரியக்கப் பொருள் கழிவாக நின்றது. ஊரார் 1985-இல் வழக்காடினர். பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தார் துணைநின்றனர். 1992 ஜூலையில் ஈப்போ உயர்நீதிமன்றம் தொழிற்சாலையை நிறுத்தச் சொல்லிற்று. 1993 டிசம்பரில் மேல்கோர்ட்டு அத்தீர்ப்பைத் தள்ளியது. ஆனாலும் 1994-இல் கம்பெனி தானே கதவை மூடிற்று. கழிவு கிளேடாங் மலையில் புதைக்கப்பட்டது. கம்பெனி போய்விட்டது, தோரியம் இருக்கிறது. அதன் அரை ஆயுள் 1,400 கோடி வருஷம். கடை மூடினபின் இந்தப் பேரேட்டை ஒப்புக்கொள்ளும் அடுத்த ஏஜெண்டு யார்?

இவ்வளவும் சொன்னதனால் கதிரியக்கத்தையே நாம் வெறுப்பதாக எவரும் எண்ணவேண்டாம். இதே கோபால்ட் எத்தனையோ புற்றுநோயாளிகளைப் பிழைக்கவைத்திருக்கிறது. ஆபத்தென்று அறிவைக் கைவிடுவது பழையபடி பூசாரிகளிடம் போய்ச் சேருவதற்கே வழி. அறிவை வைத்திருப்பவர், அதனால் கைபடுகிறவனையும் அறிவாளியாக்கவேண்டும் என்பதுதான் நமது வழக்கு. களைக்கொல்லியை முதுகில் சுமந்து அடித்த நமது தோட்டத்துப் பெண்களுக்கு இது புதிய வழக்கன்று. பாராகுவாட் என்னும் மருந்து இந்நாட்டில் முற்றாகத் தடுக்கப்பட்டது 2020-இல்தான். அதுவரை டின்னின்மேல் பொடியெழுத்தில் எச்சரிக்கை அச்சிட்டிருந்தவர்கள் தங்கள் கடமை தீர்ந்ததென்றே இருந்தார்கள். படிக்கமுடியாதவன் முன்னே எழுதிவைத்த எச்சரிக்கை, எழுதியவனைக் கோர்ட்டில் காப்பாற்றும், படிக்காதவனைக் காப்பாற்றாது.

கதிரியக்கத்துக்கென்று உலகம் முழுதும் வழங்கும் மூவிதழ்ச் சின்னம் 1946-இல் அமெரிக்காவிலே பெர்க்லி ஆராய்ச்சிச்சாலையில் வரையப்பட்டது. படித்தவர்களுக்கு அது போதும். படியாதவர்களுக்கு அது மின்விசிறியின் படமாகத் தோன்றினால் அவர்களைக் குற்றஞ்சொல்ல முடியாது. சர்வதேச அணுசக்தி நிறுவனத்தார் இதை உணர்ந்து, பதினொரு நாடுகளில் பலதரப்பட்ட ஜனங்களிடம் படங்களைக் காட்டிக் கேட்டு, 2007-இல் புதிய சின்னம் ஒன்றை வெளியிட்டனர். சிவப்பு நிலத்தில், மேலே மூவிதழும் அதிலிருந்து பாயும் கதிர்களும். கீழே ஒரு மண்டையோடும், ஓடுகிற ஒரு மனிதனும். அதில் ஓர் எழுத்துக்கூட இல்லை. அதை யந்திரத்தின் வெளிப்புறத்தில் ஒட்டுவதில்லை. மூடியைக் கழற்றி, கவசத்தைப் பிரித்து, உள்ளே கதிரியக்கப் பொருளுக்குப் பக்கத்தில் ஒருவன் கைவைக்கப்போகும் இடத்தில் ஒட்டவேண்டுமென்பது ஏற்பாடு. பேராசிரியரும் கமிட்டியாரும் அதைக் காணமாட்டார்கள். உளியோடு வருகிறவன் ஒருவனே காண்பான். மாயாபுரிக்குப் போன யந்திரம் அச்சின்னம் பிறப்பதற்கு எத்தனையோ வருஷங்களுக்கு முன் செய்யப்பட்டது. அதே காலத்து யந்திரங்கள் வேறு எந்தெந்த அறைகளில் பூட்டிக் கிடக்கின்றனவோ, அவற்றின் சாவிகளை வைத்திருப்பவர்கள் முதலில் பேரேட்டைத் திறந்து பார்க்கட்டும்.